ஒரு நாள் குஞ்சுக்கு ஒரு சட்டம்

கோழிக்குஞ்சு விற்பதற்குக்கூட விதிகள் உண்டா என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். அரிசிக்கு விதி உண்டு. மருந்துக்கு விதி உண்டு. பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கவேண்டும் என்பதற்கும் விதி உண்டு. கூடைக்குள் கீச்சிடும் ஒரு பிடி பஞ்சுக்குமா? ஆம். குஞ்சு பொரித்து எத்தனை மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும், எத்தகைய பெட்டியில் போகவேண்டும், அந்தப் பெட்டியின்மேல் என்ன எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றெல்லாம் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் சட்டம் செய்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. பாலில் நீர் கலந்திருந்தால் பால்மானி காட்டிக் கொடுத்துவிடும். கத்தரிக்காயில் சொத்தை இருந்தால் கண்ணுக்குத் தெரியும். முட்டையிலிருந்து வெளிவந்து ஒரு நாளே ஆன குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து, அது சேவலா பெட்டையா, என்ன இனம், நோயைத் தாங்கி வந்திருக்கிறதா என்று சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஐந்து மாதம் தீனி போட்ட பிறகுதான் விடை தெரியும். அப்போது விற்றவர் எங்கே இருப்பாரோ! வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரியும் என்ற நிலை வரும்போதெல்லாம் அங்கே ஏமாற்று நுழைகிறது. அதைத் தொடர்ந்து விதியும் நுழைகிறது.

தாய்க்கோழியும் ஓலைப்பெட்டியும்

பழைய நாளில் இந்தத் தொல்லை இல்லை. திருச்செந்தூரைச் சுற்றியுள்ள தேரிக்காட்டு ஊர்களிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் இன்றும் சில வீடுகளில் பழைய முறை நடக்கிறது. கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால் பனையோலைப் பெட்டியில் மணலோ தவிடோ பரப்பி, அதன்மேல் முட்டைகளை அடுக்கி, கோழியை அமர்த்துவார்கள். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று பெட்டிக்குள் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைப்பதும் உண்டு. (இரும்பு இடியைத் தடுக்கும் என்பதற்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை. ஆனால் பாட்டியிடம் அதைச் சொல்லி வென்றவர் யாரும் இல்லை.) 21 நாளில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைப் பஞ்சாரத்துக்குள் தாயோடு கவிழ்த்து வைத்து, பருந்து கண்ணில் படாமல் காப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி குஞ்சு கேட்டால், தாயைக் காட்டிக் குஞ்சைக் கொடுப்பார்கள். தாயைப் பார்த்த பிறகு முகவரிச் சீட்டு எதற்கு? அந்தக் கோழி ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும், அதன் சேவல் யாருடையது, போன மழையில் அந்தத் தெருவில் கழிச்சல் வந்ததா என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். குஞ்சிடமிருந்து தாயைப் பிரித்த பிறகுதான் சிக்கல் தொடங்கிற்று. பிரித்தது ஒரு பொறி.

வெப்பத்தை நிலைநிறுத்தியவர்கள்

கோழியில்லாமல் குஞ்சு பொரிக்கும் கலை மிகப் பழையது. எகிப்தில் முட்டைகளை எருக்குவியலில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்று கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதினார். பிற்காலத்தில் அங்கே செங்கல்லால் பெரிய அடுப்பறைகள் கட்டி ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே தடவையில் பொரித்தார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். அந்த மெல்லிய தோல் உணரும் சூடுதான் அளவு. தந்தையிடமிருந்து மகன் கற்ற வித்தை அது, வெளியாருக்குச் சொல்லப்படவில்லை.

இந்த இரகசியத்தை உடைக்க முனைந்தவர் வெப்பமானியோடு பெயர் பிணைந்த ஒருவர்: பிரான்சு நாட்டு ரேமூர். நீர் உறையும் நிலையை 0 என்றும் கொதிக்கும் நிலையை 80 என்றும் வகுத்த அளவைக்கு உரியவர். எருவின் சூட்டைக் கொண்டு குஞ்சு பொரிப்பது பற்றி அவர் 1749-இல் ஒரு நூலே வெளியிட்டார். அடைகாக்கும் கோழியின் சூடு தம் அளவையில் ஏறத்தாழ 32 பாகை என்று கண்டார். சென்டிகிரேடில் இது 40. இன்றைய பொறிகளில் முட்டையைச் சுற்றிக் காற்றை 37.5 முதல் 37.8 பாகை வரை வைக்கிறோம். கோழியின் தோலோடு ஒட்டியிருக்கும் பக்கத்துக்கு ரேமூர் கணக்குப் பொருந்தி வருகிறது. கையில் ஒரு வெப்பமானி இருந்ததால், பல தலைமுறைகள் இமையால் அறிந்ததை அவர் எண்ணால் எழுதிவிட்டார்.

ஆனால் அளப்பது வேறு, நிலைநிறுத்துவது வேறு. 21 நாள், இரவும் பகலும், ஓரிரு பாகைகூடப் பிசகாமல் வெப்பத்தைக் காக்கவேண்டும். மூன்று பாகை ஏறி ஒரு பகல் நின்றுவிட்டால் கருக்கள் மடியும். இங்கேதான் இயற்பியல் மாணவர்கள் அவசியம் அறியவேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஐஸ் பெட்டியிலும் இஸ்திரிப் பெட்டியிலும் நாம் காணும் தெர்மோஸ்டாட் என்ற தானியங்கி வெப்பக்காப்பு, கோழிக்குஞ்சுக்காகவே முதலில் முயன்று பார்க்கப்பட்ட கருவிகளுள் ஒன்று. 1620 வாக்கில் இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரர் கார்னிலிஸ் ட்ரெபெல், அடுப்புக்குள் ஆல்கஹால் நிரம்பிய குழாயை வைத்தார். சூடு ஏறினால் ஆல்கஹால் விரியும். அது பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கோலை உயர்த்த, கோல் அடுப்பின் காற்றுவாயை மூடும். தீ தணியும். சூடு குறைந்தால் எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும். விளைவே காரணத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டைப் பின்னூட்டம் என்று இன்று பெரிய நூல்களில் படிக்கிறோம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் பொன்மேன் என்பவர் வெவ்வேறு உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிவதைக் கொண்டு இதே வேலையைச் செய்தார். 1881-இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் இன்னும் எளிய வழி கண்டார். இரண்டு மெல்லிய தகடுகளுக்கிடையே, குஞ்சு பொரிக்கும் வெப்பநிலையை ஒட்டிக் கொதிக்கும் ஒரு நீர்மத்தை அடைத்தார். சூடு எல்லை தாண்டினால் அது ஆவியாகித் தகடுகள் உப்பும். அவ்வசைவு விளக்கின் வெப்பத்தை வெளியே திருப்பிவிடும். சாமானிய விவசாயியும் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்ற நிலை வந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1879-இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெட்டலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் தம் பொறியை அமைத்திருந்தார். அதன் பிறகு அந்த ஊரே உலகின் முட்டைக்கூடை என்று பெயர் பெற்றது.

மூன்று நாள் கட்டுச்சோறு

பொறி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தள்ளினால் அவற்றை எங்கே விற்பது? உள்ளூரில் அத்தனை பேர் வாங்கமாட்டார்கள். தொலைவுக்கு அனுப்பவேண்டும். தாயில்லாத பச்சைக் குஞ்சு பிழைக்குமா?

பிழைக்கும். பொரிப்பதற்குச் சற்று முன், எஞ்சியிருக்கும் மஞ்சட்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுதான் அதன் கட்டுச்சோறு. ஓர் அடையில் எல்லா முட்டைகளும் ஒரே மணியில் பொரிப்பதில்லை. முதலில் வந்த குஞ்சு கடைசிக் குஞ்சு வரும்வரை தாயின் கீழேயே பசி தாங்கிக் காத்திருக்கவேண்டும். அதற்காக இயற்கை செய்த ஏற்பாட்டை மனிதன் ரயில் பயணத்துக்குப் பயன்படுத்திக் கொண்டான். 1892-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஸ்டாக்டன் ஊரிலிருந்து ஜோசப் வில்சன் என்பவர் ஒரு நாள் குஞ்சுகளைச் சிகாகோவுக்கு ரயிலில் அனுப்பிவைத்தார். 1918-இல் அமெரிக்கத் தபால் துறையே குஞ்சுப் பெட்டிகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிற்று. ஆனால் 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. குஞ்சு பற்றிய விதிகளில் மிக அடிப்படையானது இந்த 72. அந்த எண்ணை எழுதியது அதிகாரியின் பேனா. அளந்து கொடுத்தது மஞ்சட்கரு.

பசியை வென்றாலும் குளிர் மிஞ்சுகிறது. ஒரு நாள் குஞ்சின் எடை சுமார் 40 கிராம். 1.6 கிலோ எடையுள்ள பெட்டைக்கோழி அதைப்போல் 40 மடங்கு. உருவம் ஒத்ததென்று கொண்டால், ஒரு கிராம் உடலுக்கு இவ்வளவு தோற்பரப்பு என்று கணக்கிடும்போது குஞ்சுக்குக் கோழியைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி. வெப்பம் வெளியேறுவது தோல் வழியாக அன்றோ! இறகும் இல்லை, வெறும் பூமயிர். ஆகவேதான் முதல் வாரத்தில் 35 பாகை வெப்பம் கொடுத்து, பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைக்கவேண்டும் என்று கோழிப் பண்ணைக்காரர்கள் சொல்லுகிறார்கள். பெட்டிக்குள் குஞ்சுகள் ஒன்றையொன்று அணைத்துச் சூடு பெறுகின்றன. அளவு மீறி ஒரு மூலையில் குவிந்துவிட்டால் அடியில் இருப்பவை மூச்சுத் திணறி இறக்கும். நூறு குஞ்சுப் பெட்டியை நான்காகத் தடுத்து, ஓர் அறைக்கு 25 வீதம் விடுவது இதனால்தான். துளைகளும் அதற்காகவே.

சீட்டில் எழுதிய சொல்

தொலைவிலிருந்து வாங்கும் குஞ்சுக்குச் சீட்டு ஒன்றே சாட்சி. அமெரிக்காவில் 1920களில் குஞ்சு வியாபாரம் பெருகியபோது சீட்டில் எழுதப்பட்ட பொய்யும் பெருகிற்று. பொய்யைவிடக் கொடியது நோய். புல்லோரம் என்ற கிருமி நோயை 1900-ஐ ஒட்டி ரெட்கர் என்ற அறிஞர் கண்டறிந்து விளக்கினார். அது தாயின் சூற்பையில் தங்கி முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருகிறது. தாய் நலமாகத் திரியும். குஞ்சுகள் வெண்ணிறமாகக் கழிந்து மடியும். ஒரு குஞ்சிடம் நோய் இருந்தால் பொரிக்கும் பொறிக்குள்ளேயே மற்றவற்றுக்குப் பரவிவிடும். (நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்பது ராணிக்கெட் நோய். அது வேறு, இது வேறு. பெயர் ஒற்றுமையால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

தாய்க்கோழியின் ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தால் நோய் தெரிந்துவிடும் என்று 1913-இலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் சோதித்தவருக்கும் சோதிக்காதவருக்கும் சந்தையில் ஒரே விலை என்றால் யார் செலவு செய்வார்? 1933-இல் பொருளாதார மந்தத்தின்போது, குஞ்சு பொரிப்பகங்களுக்கென நியாயப் போட்டி விதித்தொகுப்பு ஒன்றை அமெரிக்க அரசு ஏற்படுத்திற்று. அதற்கு ஆயுள் குறைவு. 1935 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய தொகுப்புகள் அனைத்துக்கும் அடிப்படையான ஏற்பாட்டைச் செல்லாது என்று தீர்த்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கும் கோழி வழக்கே: நியூயார்க் புரூக்ளினில் கோழி இறைச்சி வணிகம் செய்த ஷெக்டர் சகோதரர்கள் மீது நோயுற்ற கோழியை விற்றதாகவும் குற்றச்சாட்டு இருந்தது.

அதே 1935-இல் வேறு ஒரு வழியில் வெற்றி கிடைத்தது. தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றில் விரும்பியவர்கள் சேரலாம்; கட்டாயம் இல்லை. சேர்ந்தவர் தம் மந்தையைச் சோதித்து, அதன் முடிவுக்கேற்பப் ‘புல்லோரம் சோதிக்கப்பட்டது’, ‘தேறியது’, ‘தூயது’ என்று படிப்படியான சொற்களைச் சீட்டில் போடலாம். சேராதவர் இச்சொற்களைப் பயன்படுத்த முடியாது. அவ்வளவுதான். வாங்குபவர்கள் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சீட்டில்லாப் பெட்டிகள் விலைபோகவில்லை. தண்டனையைவிட ஒரு சொல்லின் பொருளைத் திட்டமாக வரையறுப்பது அதிகம் சாதித்தது என்பது என் கருத்து.

சேவலா பெட்டையா என்ற கேள்விக்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. மசூயி, ஹஷிமோட்டோ, ஓனோ என்ற ஆய்வாளர்கள் குஞ்சின் எச்சத்துளையை மெல்ல விரித்து, உள்ளே ஊசிமுனையளவு உள்ள மேட்டைக் கொண்டு ஆண் பெண் பிரிக்கலாம் என்று கண்டு, 1927-இல் கனடாவின் ஒட்டாவாவில் கூடிய உலகக் கோழி மாநாட்டில் அதை வெளியிட்டார்கள். நல்ல பயிற்சி பெற்றவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுவரை பார்த்துவிடுவார். அன்றுமுதல் சீட்டில் ‘பெட்டை’ என்று எழுத முடிந்தது. மறுபாதிக் குஞ்சுகளின் கதி என்ன என்ற கேள்வியும் அன்றே பிறந்தது.

நம் நாட்டில்

நாகர்கோயிலைக் கடந்து போனால் வரும் மார்த்தாண்டம், தமிழ்நாட்டுக் கோழி வரலாற்றில் மறக்கத்தகாத ஊர். அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூரில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், நாட்டுக்கோழியை வெள்ளை லெக்ஹார்ன் சேவலோடு சேர்த்து மேம்படுத்தவும், முட்டைகளைக் கூட்டாக விற்கவும் ஏழைக் குடியானவர்களுக்குக் கற்பித்தார். பிற்காலத்தில் நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பெயர் பெற்றன. குஞ்சு பொரிப்பது வீட்டு வேலையாக இருந்தது மாறி, பெருந்தொழில் ஆயிற்று.

சட்டத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. நாட்டியக் கலைஞர் ருக்மணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, 1950களில் விலங்குகளுக்காகத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பயனாக அரசே முன்வந்து 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றிற்று. 1962-இல் விலங்கு நல வாரியம் அவர் தலைமையில் அமைந்தது. 2018 வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. இச்சட்டத்தின் கீழ் 1978-இல் பிராணிகளை ஏற்றிச் செல்லும் விதிகள் வந்தன. நாய், பூனை, குரங்கு, மாடு, குதிரை, ஆடு எல்லாம் அவற்றில் இடம் பெற்றன. கோழிக்கு 2001-ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க நேர்ந்தது.

அத்திருத்தம் என்ன சொல்லுகிறது? ஏற்றும் பறவைகளுக்கு நோயில்லை, பயணம் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும். ஒரு பெட்டிக்குள் ஒரே இனம், ஒரே வயது. அனுப்புபவர், பெறுபவர் பெயரும் முகவரியும் பெட்டிமேல் தெளிவாக இருக்கவேண்டும். குஞ்சுகளைப் பொரித்தவுடன் பெட்டியில் இட்டு அனுப்பிவிடவேண்டும். பெட்டியில் தேக்கி வைக்கக்கூடாது. பொரித்ததிலிருந்து குளிர்காலத்தில் 72 மணி, கோடையில் 48 மணி என்பது எல்லை. வெயிலிலோ மழையிலோ வைக்கலாகாது. பெட்டியைச் சாய்க்கக்கூடாது, சாய்ந்தால் குஞ்சு மல்லாந்து விழும். மேலேயும் சுற்றியும் வேறு சாமான் அடுக்கக்கூடாது. எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள்! கோடைக்கு 48 என்று குறைத்திருப்பதைக் கவனியுங்கள். மே மாதத்தில் குஞ்சு இழப்பது உணவைக் காட்டிலும் நீரை. மூச்சு வழியே நீர் ஆவியாகிப் போகிறது. வயிற்றுக்குள் இருக்கும் கட்டுச்சோறு தீர்வதற்கு முன்பே தாகம் அதை வீழ்த்திவிடும்.

பெட்டியில் போகும் குஞ்சுக்கு இத்தனையும் உண்டு. கூடையில் போகும் குஞ்சுக்கு?

திருவிழாக் கூடை

நம் பக்கத்துத் திருவிழாக்களில் ரோசாவும் பச்சையும் நீலமுமாகச் சாயம் ஏற்றிய குஞ்சுகளைக் கூடையில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை கை நீட்டும். சில்லறைக் காசில் ஒன்று வீட்டுக்கு வரும். பெரும்பாலும் ஒரு வாரம் தங்காது. அவற்றில் மிகுதியானவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துவிடப்பட்ட சேவற்குஞ்சுகள். ஜப்பானியர் பிரித்த மறுபாதி இதுவே. முட்டை இடாது; சதை போடவும் நாள் பிடிக்கும். சாயம் அதன் சீட்டு! ஆனால் அச்சீட்டு எதையும் சொல்வதில்லை, மறைக்கத்தான் செய்கிறது.

சாயத்தின் நஞ்சைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். நான் ஈரத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். ஒரு கிராம் நீர் உடற்சூட்டில் ஆவியாவதற்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 40 கிராம் குஞ்சின் உடலை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 140 ஜூல் போதும். அந்த ஒரு கிராம் நீர் தனக்கு வேண்டிய வெப்பம் முழுவதையும் குஞ்சிடமிருந்தே பிடுங்கினால் அதன் உடல் 17 பாகை குளிர்ந்துவிடும்! உண்மையில் காற்றும் பங்கு கொடுக்கிறது. குஞ்சும் சூடு உண்டாக்கிக்கொள்கிறது. இருந்தாலும் சாயநீரில் நனைத்துக் கடற்காற்றில் கூடையோடு வைத்த குஞ்சின் நிலையை இக்கணக்கு உணர்த்தும். அதை ஒற்றையாகப் பிரித்து வாங்கிச் சென்றால், ஒன்றையொன்று அணைத்துச் சூடு பெறும் அந்த ஒரே வழியும் அடைபடுகிறது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் குஞ்சுகளுக்குச் சாயம் ஏற்றக்கூடாது என்பதோடு, ஆறுக்குக் குறைவாக விற்கக்கூடாது என்றும் விதி செய்திருப்பது இதனால் நன்கு விளங்கும். ஆறு குஞ்சை யாரும் பொம்மையாக வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் ஆறும் சேர்ந்து சூடு காக்கும்.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வதைக்கு முதல் தடவை விதிக்கப்பட்ட அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தத் தொகையைக் கூடைக்காரர் ஒரு மணி நேரத்தில் சம்பாதித்துவிடுவார். கூடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போவதால் பெரிய பயன் விளையும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவரும் கழிவை வாங்கி விற்றுப் பிழைப்பவர். குஞ்சை அவரிடம் தள்ளிவிடும் இடத்தில் கணக்கும் சீட்டும் இருந்தால் போதும்.

வீட்டுக்கு வளர்க்க வாங்குபவர்களும் இன்று ஏமாறுகிறார்கள். பலநிற இறகுள்ள பண்ணைக் கலப்பினங்கள் ‘நாட்டுக்கோழிக் குஞ்சு’ என்ற பெயரில் வீதியில் வருகின்றன. வனராஜா, கிரிராஜா போன்ற மேம்பட்ட இனங்கள் நல்லவையே; அவற்றை அப்பெயரிலேயே விற்றால் குற்றமில்லை. நாட்டுக்கோழி என்று நம்பி வாங்கியவள், அது அடைக்கு உட்காரும், தன் குஞ்சைத் தானே வளர்க்கும் என்று எதிர்பார்க்கிறாள். உட்காராதபோது அடுத்த ஆண்டும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கவேண்டியிருக்கிறது. இப்போது கிராமப் பெண்களுக்கான அரசுத் திட்டங்களில், தாய் அலகு என்ற இடத்தில் நான்கு வாரம் வளர்த்துத் தடுப்பூசி போட்ட பிறகே குஞ்சைக் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. நான்கு வாரத்தில் இறகு முளைத்துவிடும். வெப்பத்துக்கு விளக்கு வேண்டியதில்லை. குஞ்சு எப்படிப்பட்டது என்பதும் ஓரளவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

கழிக்கப்படும் சேவற்குஞ்சுக்கும் இயற்பியல் ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனி 2022 சனவரி முதல், முட்டைக்கோழிச் சேவற்குஞ்சுகளைப் பொரித்தவுடன் கொல்வதைத் தடை செய்துவிட்டது. ஆகவே பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் ஆண் பெண் அறிய முயல்கிறார்கள். ஒரு முறையில், அடையில் பதின்மூன்றாம் நாள் அளவில் ஓட்டின் வழியே ஒளியைச் செலுத்தி, வெளிவரும் ஒளியின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்துக் கருவின் இறகு நிறத்தைக் கண்டுகொள்கிறார்கள். பழுப்பு முட்டையிடும் இனங்களில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் என்பதால் இது கைகூடுகிறது. வெள்ளை லெக்ஹார்ன் வழிவந்த கோழிகளில் இருபாலும் ஒரே வெள்ளை. ஒளிக்கு அங்கே வேலை இல்லை. அவற்றுக்கு ஓட்டில் நுண்துளை இட்டு ஒரு துளி நீர்மத்தை வெளியே எடுத்துச் சோதிக்கவேண்டும்.